92 வாரமா, 8 மாதமா, ஓராண்டா? வெளிநாட்டு மாணவர் விசாவில் குறைந்தபட்சப் படிப்புக் கால விதிகள்: ஒரு விளக்கம்

அம்பூரி: வெளிநாட்டில் பட்டம் பெற்ற மாணவர் அங்கேயே சில காலம் தங்கிப் பணிபுரிய முடியுமா என்பதை, அவர் பெற்ற மதிப்பெண்ணைக் காட்டிலும் அவர் படித்த படிப்பின் கால அளவே முதலில் தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியாவில் 92 வாரங்கள், கனடாவில் 8 மாதங்கள், அமெரிக்காவில் ஒரு முழுக் கல்வியாண்டு, நியூஸிலாந்தில் 30 வாரங்கள் என ஒவ்வொரு நாடும் ஒரு கீழ்வரம்பை வகுத்துள்ளது. அந்த வரம்புக்கு ஒரு வாரம் குறைந்தாலும், பட்டம் கையில் இருந்தும் பணி அனுமதி கிடைக்காமல் போகலாம்.

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாறு அணையை அடுத்துள்ள மலைக் கிராமமான அம்பூரி, தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்ட எல்லையை ஒட்டியது. மலைக்கு அப்பால் ஆறுகாணி, பத்துகாணி. கீழே வெள்ளறடை, பனச்சமூடு, பாறசாலை, களியக்காவிளை எனத் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் ஊர்கள். இருபுறமும் ரப்பரே முதன்மைப் பயிர். இத்தகைய ஊர்களில் வெளிநாட்டுப் படிப்பு என்பது பெரும்பாலும் வீட்டையோ தோட்டத்தையோ ஈடு வைத்துப் பெறும் கல்விக் கடனுடன் தொடங்குகிறது.

கேரளத்திலிருந்து வெளிநாடு செல்லும் மாணவர் எண்ணிக்கை ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்காகியுள்ளது. கேரள இடப்பெயர்வு ஆய்வின்படி 2018-ல் சுமார் 1.3 லட்சமாக இருந்த அந்த எண்ணிக்கை, 2023-ல் சுமார் 2.5 லட்சமாக உயர்ந்தது. இவர்களுள் கடன் பெற்றுச் சென்றவர்களுக்கு, படிப்புக்குப் பிந்தைய பணிக் காலமே கடனை அடைக்கும் வழி. அந்த வழி திறக்குமா, அடைபடுமா என்பது ஊரிலிருந்து புறப்படும் முன்பே, படிப்பைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

இரண்டு வேறு கணக்குகள்

'குறைந்தபட்சப் படிப்புக் காலம்' என்ற சொல் இரண்டு வேறு பொருள்களில் வழங்கப்படுகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது.

முதலாவது, மாணவர் விசா பெறுவதற்கான காலம். மிகக் குறுகிய படிப்புகளுக்கு மாணவர் விசா தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் 3 மாதம் வரையிலான படிப்பைச் சுற்றுலா விசாவிலேயே மேற்கொள்ளலாம். கனடாவில் 6 மாதமோ அதற்குக் குறைவாகவோ நடைபெறும் படிப்புக்கு மாணவர் அனுமதி கட்டாயமில்லை. பிரிட்டனிலும் 6 மாதம் வரையிலான படிப்பைப் பார்வையாளராகச் சென்று முடிக்கலாம். அமெரிக்காவின் நடைமுறை வேறு. பட்டத்துக்குக் கணக்கில் சேரும் எந்தப் படிப்பும், அது எவ்வளவு குறுகியதாக இருந்தாலும், பார்வையாளர் விசாவில் அனுமதிக்கப்படுவதில்லை.

இரண்டாவது, படிப்பு முடிந்த பின் பணி அனுமதி பெறுவதற்கான காலம். குடும்பங்களின் பொருளாதாரத்தைத் தொடுவது இதுவே. மாணவர் விசா கிடைத்துவிட்டது என்பதால் பணி அனுமதிக்கும் தகுதி வந்துவிட்டதாகப் பொருள் இல்லை. ஓராண்டுப் படிப்புக்கு ஆஸ்திரேலியா மாணவர் விசா வழங்கும். ஆனால் அந்த ஓராண்டுப் படிப்பு மட்டும் பணி அனுமதிக்குப் போதாது.

ஆஸ்திரேலியா: 92 வாரமும் 16 மாதமும்

ஆஸ்திரேலியாவில் படிப்புக்குப் பின் வழங்கப்படும் தற்காலிகப் பட்டதாரி விசா, 485 என்ற எண்ணால் அறியப்படுகிறது. இதற்கு 'ஆஸ்திரேலியப் படிப்பு நிபந்தனை' நிறைவேற வேண்டும். ஒரு கல்வியாண்டு 46 வாரம் என்ற கணக்கில், இரண்டு கல்வியாண்டுகள், அதாவது குறைந்தது 92 வாரப் படிப்பை முடித்திருக்க வேண்டும். அந்தப் படிப்பு குறைந்தது 16 நாட்காட்டி மாதங்களில் பரவியிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் தங்கி, ஆங்கில வழியில், படிக்க அனுமதிக்கும் விசாவுடன் படித்திருக்க வேண்டும்.

இங்கு 92 வாரம் என்பது மாணவர் அங்கு வாழ்ந்த காலம் அன்று. வெளிநாட்டு மாணவர்களுக்கான படிப்புகளை ஆஸ்திரேலிய அரசு 'கிரைகோஸ்' என்ற பதிவேட்டில் பதிவு செய்துள்ளது. ஒவ்வொரு படிப்புக்கும் அதில் ஒரு குறியீட்டு எண்ணும், எத்தனை வாரம் என்ற அளவும் உண்டு. அந்தப் பதிவேட்டில் உள்ள வார எண்ணிக்கையே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. 104 வாரம் எனப் பதிவான முதுநிலைப் படிப்பை, விடுமுறையின்றி மூன்று பருவ முறையில் 18 மாதத்தில் முடித்தவருக்கும் 104 வாரமே கணக்கு. 16 மாத வரம்பும் நிறைவேறுகிறது. மாறாக, 52 வாரம் எனப் பதிவான படிப்பில் பாடங்களில் தோல்வியுற்று, அவற்றை மீண்டும் படித்து, இரண்டு ஆண்டுகள் அங்கேயே இருந்து முடித்தவருக்கு 52 வாரம் மட்டுமே கணக்கில் சேரும். கூடுதலாகத் தங்கிய ஓராண்டும், கூடுதலாகச் செலுத்திய கட்டணமும் இந்தக் கணக்கில் இடம்பெறா.

ஒரே படிப்பு 92 வாரம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவு பெற்ற இரண்டு படிப்புகளை அடுத்தடுத்து முடித்து 92 வாரத்தை எட்டலாம். ஆனால் இரண்டும் முழுமையாக முடிந்திருக்க வேண்டும். பாதியில் விட்ட படிப்பின் வாரங்கள் சேரா. விசாவுக்கு முன் படிக்கும் ஆங்கில மொழிப் பயிற்சியும் சேராது.

பாட விலக்கு: சேமிப்பா, இழப்பா?

மாணவர்கள் அதிகம் கவனிக்கத் தவறும் இடம் பாட விலக்கு. இந்தியாவில் ஏற்கெனவே படித்த பாடங்களைக் காட்டி, வெளிநாட்டுப் படிப்பில் சில பாடங்களிலிருந்து விலக்கு பெறலாம். கட்டணம் குறைகிறது, படிப்பும் விரைவில் முடிகிறது என்பதால் குடும்பங்கள் இதை வரவேற்கின்றன. ஆனால் விலக்குப் பெற்ற பாடங்களுக்கு உரிய வாரங்கள், 92 வாரக் கணக்கிலிருந்து கழிந்துவிடுகின்றன.

எடுத்துக்காட்டாக, 16 பாடங்கள் கொண்ட ஒரு முதுநிலைப் படிப்பு 104 வாரம் எனப் பதிவாகியுள்ளது எனக் கொள்ளலாம். விகிதப்படி ஒரு பாடத்துக்கு 6.5 வாரம். ஒரு பாடத்துக்கு விலக்குப் பெற்றால் எஞ்சுவது 97.5 வாரம், தகுதிக்குக் குறைவில்லை. இரண்டு பாடங்களுக்கு விலக்குப் பெற்றால் எஞ்சுவது 91 வாரம். தகுதிக்கு ஒரு வாரம் குறைவு. படிப்பே 92 வாரம் எனப் பதிவாகியிருந்தால், ஒரே ஒரு பாடத்தின் விலக்குகூடக் கணக்கைக் கவிழ்த்துவிடும்.

பாட விலக்கு எவ்வளவு என்பதும், அதனால் படிப்புக் காலம் எவ்வளவு குறைகிறது என்பதும் கல்வி நிறுவனம் வழங்கும் சேர்க்கைக் கடிதத்தில் குறிப்பிடப்படும். கட்டணச் சலுகையைப் பார்க்கும் கண், அதே கடிதத்தில் உள்ள தொடக்க, முடிவுத் தேதிகளையும் பார்க்க வேண்டும். விலக்கு வேண்டாம் என மறுக்கும் உரிமை மாணவருக்கு உண்டு. கட்டணம் செலுத்தும் முன் அந்த முடிவை எடுப்பதே எளிது.

படிப்பு முடிந்த நாள் எது?

485 விசாவுக்குப் படிப்பு முடிந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நாள் பட்டமளிப்பு விழா நடந்த நாள் அன்று. கடைசித் தேர்வு எழுதிய நாளும் அன்று. பட்டத்துக்குரிய எல்லாத் தேவைகளும் நிறைவேறின எனக் கல்வி நிறுவனம் உறுதி செய்த நாளே அது. விழா பல மாதங்கள் கழித்து நடைபெறக்கூடும். அதுவரை காத்திருப்பவர் காலக்கெடுவை இழக்க நேரிடும்.

மாணவர் விசாவின் காலாவதித் தேதி வேறு. அது பெரும்பாலும் படிப்பு முடிந்த சில வாரங்களிலேயே வந்துவிடும். எனவே 6 மாத அவகாசம் உள்ளது என்று எண்ணி மாணவர் விசாவைக் காலாவதியாக விடுவது ஆபத்தானது. விண்ணப்பிக்கும்போதே ஆங்கிலத் தேர்வு முடிவும், மருத்துவக் காப்பீடும், ஆஸ்திரேலியக் கூட்டாட்சிக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றுக்கு விண்ணப்பித்ததற்கான ஆதாரமும் தயாராக இருக்க வேண்டும்.

2024-ல் விதிகள் கடுமையாயின. அந்த ஆண்டு மார்ச் 23 முதல் இந்த விசாவுக்கான ஐஇஎல்டிஎஸ் ஒட்டுமொத்த மதிப்பெண் 6.5 ஆக உயர்ந்தது. தேர்வு முடிவின் செல்லுபடிக் காலம் ஓராண்டாகக் குறைந்தது. ஜூலை 1 முதல் பெரும்பாலான விண்ணப்பதாரர்களுக்கு வயது வரம்பு 35 ஆனது. பட்டதாரி விசாவில் இருப்பவர் நாட்டுக்குள் இருந்தபடியே மீண்டும் மாணவர் விசாவுக்கு மாறும் வழியும் அன்றே அடைபட்டது. மாணவர் விசாக் கட்டணம் 710 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 1,600 டாலராகவும், 2025 ஜூலை 1 முதல் 2,000 டாலராகவும் உயர்ந்தது.

இந்தியர்களுக்குத் தனிச் சலுகையும் உண்டு. இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தின்படி, இளநிலைப் பட்டதாரிகள் 2 ஆண்டுகள் வரையும், முதுநிலைப் பட்டதாரிகள் 3 ஆண்டுகள் வரையும், முனைவர் பட்டம் பெற்றோர் 4 ஆண்டுகள் வரையும் தங்கிப் பணிபுரியலாம். ஆனால் 92 வார நிபந்தனையிலிருந்து இச்சலுகை விலக்கு அளிப்பதில்லை.

இடையில் மாறினால் என்ன ஆகும்?

குறைந்த கட்டணத்துக்காகப் படிப்பையோ நிறுவனத்தையோ மாற்ற எண்ணும் மாணவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் முதன்மைப் படிப்பின் முதல் 6 மாதத்துக்குள் வேறு நிறுவனத்துக்கு மாறப் பொதுவாக அனுமதியில்லை. முதுநிலைப் படிப்புக்காக விசா பெற்றவர், அதைவிடக் கீழ்நிலையிலுள்ள பட்டயப் படிப்புக்கு மாறுவது விசா நிபந்தனையை மீறுவதாகும். அதற்குப் புதிய மாணவர் விசா பெற வேண்டும். படிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இணையவழியில் படிக்கவும் வெளிநாட்டு மாணவர்களுக்கு அனுமதியில்லை.

பகுதிநேர வேலைக்கும் இதில் தொடர்பு உண்டு. படிப்புப் பருவத்தில் இரு வாரத்துக்கு 48 மணி நேரமே வேலை செய்யலாம். வேலைப் பளுவால் பாடங்களைக் குறைத்துக்கொண்டால், சேர்க்கை உறுதிச் சான்றில் உள்ள காலத்துக்குள் படிப்பு முடியாது. மருத்துவக் காரணம் போன்ற தக்க காரணமின்றி அந்தக் காலத்தை நிறுவனம் நீட்டிக்க இயலாது.

கனடா: 8 மாதத்தில் தொடங்கும் கணக்கு

கனடாவில் படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதி பெற, படிப்பு குறைந்தது 8 மாத காலம் கொண்டதாக இருக்க வேண்டும். கியூபெக் மாநிலத்தில் சில படிப்புகளுக்கு இது 900 மணி நேரமாக அளக்கப்படுகிறது. 8 மாதத்துக்கு மேல் 2 ஆண்டுக்குக் குறைவான படிப்புக்கு, படிப்பின் கால அளவுக்கு நிகரான பணி அனுமதியே கிடைக்கும். 2 ஆண்டோ அதற்கு மேலோ நீளும் படிப்புக்கு 3 ஆண்டு அனுமதி கிடைக்கலாம்.

முதுநிலைப் பட்டத்துக்கு மட்டும் 2024 பிப்ரவரி 15 முதல் விதி தளர்த்தப்பட்டது. 2 ஆண்டுக்குக் குறைவாக இருந்தாலும், குறைந்தது 8 மாதம் கொண்ட முதுநிலைப் பட்டப்படிப்பை முடித்தவர் 3 ஆண்டு அனுமதிக்குத் தகுதி பெறுகிறார். ஓராண்டுப் பட்டயச் சான்றிதழ் படித்தவருக்கு இத்தளர்வு பொருந்தாது. 'ஓராண்டுப் படிப்பு' என்ற ஒரே சொல்லின் கீழ் ஓராண்டு அனுமதியும் மூன்றாண்டு அனுமதியும் அடங்கியிருப்பதால், சான்றிதழா பட்டமா என்று கேட்டறிவது இன்றியமையாதது.

கனடா கால அளவுடன் தொடர்ச்சியையும் பார்க்கிறது. கடைசிப் பருவம் நீங்கலாக, ஒவ்வொரு பருவத்திலும் முழுநேர மாணவராக இருந்திருக்க வேண்டும். படிப்பு முடிந்ததற்கான எழுத்துப்பூர்வ உறுதி கிடைத்த நாளிலிருந்து 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த 180 நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் மாணவர் அனுமதி செல்லுபடியாக இருந்திருக்க வேண்டும். படிப்பு முடிந்து 90 நாளிலோ அல்லது அச்சிடப்பட்ட தேதியிலோ, எது முந்துகிறதோ அப்போது மாணவர் அனுமதி முடிவுக்கு வரும்.

2024 நவம்பர் முதல் மொழித் தேர்ச்சியும் கட்டாயமாகியுள்ளது. கல்லூரிப் படிப்புகள் பலவற்றுக்கு, அரசு பட்டியலிட்டுள்ள துறைகளுள் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துள்ளது. இந்தப் பணி அனுமதி வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே வழங்கப்படும். குறுகிய படிப்பு ஒன்றை முடித்து ஓராண்டு அனுமதியைப் பெற்றுவிட்டவர், பின்னர் நீண்ட படிப்பை முடித்தாலும் மீண்டும் கேட்க முடியாது.

பிரிட்டன்: ஓராண்டும் போதும், முழுமையாக இருந்தால்

ஓராண்டு முதுநிலைப் படிப்பு பரவலாக உள்ள பிரிட்டனில், காலக் கணக்கு மாணவருக்குச் சாதகமானது. 2021 ஜூலை 1 அன்று தொடங்கிய பட்டதாரி விசாத் திட்டத்தின்படி, படிப்பின் காலம் 12 மாதமோ அதற்குக் குறைவோ என்றால், அந்தக் காலம் முழுவதும் பிரிட்டனில் படித்திருக்க வேண்டும். படிப்பு 12 மாதத்துக்கு மேற்பட்டதென்றால், குறைந்தது 12 மாதம் மாணவர் விசாவுடன் அங்கு படித்திருக்க வேண்டும்.

மாணவர் விசா காலாவதியாகும் முன், பிரிட்டனுக்குள் இருந்தே விண்ணப்பிக்க வேண்டும். படிப்பு வெற்றிகரமாக முடிந்ததென்று கல்வி நிறுவனம் உள்துறைக்கு முன்னதாகவே தெரிவித்திருக்க வேண்டும். தேர்வு முடிவு வரும் முன்பே ஊர் திரும்பிவிட்டவரால் இந்த விசாவுக்கு விண்ணப்பிக்க இயலாது.

இந்த விசாவின் காலம் இதுவரை 2 ஆண்டு; முனைவர் பட்டம் பெற்றோருக்கு 3 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 2 ஆண்டு என்பது 18 மாதமாகக் குறைகிறது. முனைவர் பட்டத்துக்கான 3 ஆண்டில் மாற்றமில்லை. படிப்பு எப்போது முடியும், விண்ணப்பிக்கும் தேதி எந்தப் பக்கம் விழும் என்பதைக் கணித்தே கடன் தவணையைத் திட்டமிட வேண்டும்.

அமெரிக்கா, நியூஸிலாந்து

அமெரிக்காவில் எஃப்-1 மாணவர், படிப்புசார் பணிப் பயிற்சியான 'ஓபிடி' பெற, ஒரு முழுக் கல்வியாண்டு முழுநேரம் படித்திருக்க வேண்டும். இளநிலை மாணவருக்கு முழுநேரம் என்பது பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட். அதில் ஒரே ஒரு வகுப்பு, அல்லது 3 கிரெடிட் அளவே இணையவழிப் படிப்பாகக் கணக்கில் சேரும்.

ஓபிடி 12 மாதம் வரை கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளில் பட்டம் பெற்றோர் மேலும் 24 மாதம் நீட்டிப்புப் பெறலாம். படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்த 60 நாள் வரை விண்ணப்பிக்கலாம். படிக்கும்போதே 'சிபிடி' என்ற பாடத்திட்டப் பணிப் பயிற்சியை முழுநேரமாக 12 மாதமோ அதற்கு மேலோ செய்துவிட்டால், அதே நிலைப் பட்டத்துக்கான ஓபிடி உரிமை முற்றிலும் போய்விடும்.

நியூஸிலாந்தில் பட்டப்படிப்பை முடித்தோர் பணி விசா பெற, அந்நாட்டில் குறைந்தது 30 வாரம் முழுநேரம் படித்திருக்க வேண்டும். ஜெர்மனியில் பட்டம் பெற்றவருக்கு வேலை தேட 18 மாதம் வரை தங்கும் அனுமதி உண்டு.

மருத்துவ மாணவர்களுக்குத் தாய்நாட்டின் கணக்கு

வெளிநாட்டில் மருத்துவம் படிப்போருக்குக் கால வரம்பை விதிப்பது படிக்கும் நாடு மட்டும் அன்று, இந்தியாவும் விதிக்கிறது. 2021 நவம்பர் 18 அன்று அறிவிக்கப்பட்ட தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுங்குமுறையின்படி, மருத்துவப் படிப்பு 54 மாதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதன் பின் அதே வெளிநாட்டு நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, தாயகம் திரும்பியபின் மேலும் 12 மாதப் பயிற்சி ஆகியவை கட்டாயம். ஆங்கில வழியில், ஒரே நிறுவனத்தில், சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குள் படிப்பை முடிக்க வேண்டும்.

நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பு என்பது 48 மாதமே. அந்நாட்டில் அது முழுமையான மருத்துவப் பட்டமாக ஏற்கப்பட்டாலும், இந்தியக் கணக்கில் 6 மாதம் குறைகிறது. அந்தக் குறையைத் திரும்பி வந்தபின் ஈடுசெய்ய வழியில்லை. உக்ரைன் போரால் பாதிக்கப்பட்ட மாணவர்களுக்கு மட்டும், வேறு நாட்டு நிறுவனத்தில் படிப்பைத் தொடர 2022 செப்டம்பரில் ஆணையம் சிறப்பு அனுமதி அளித்தது. மற்றவர்களுக்கு ஒரே நிறுவனம் என்ற விதி நீடிக்கிறது.

கடன் தவணை எப்போது தொடங்கும்?

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், திருப்பிச் செலுத்தத் தொடங்குவதற்கான அவகாசம் படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும் ஆகும். 7.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்து ஈடு தேவைப்படும். திருப்பிச் செலுத்தும் காலம் 15 ஆண்டு வரை நீளலாம். அவகாசக் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

30 லட்சம் ரூபாய்க் கடனை ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் 10 ஆண்டில் அடைப்பதென்றால், மாதத் தவணை ஏறத்தாழ 39,600 ரூபாய். 15 ஆண்டாக நீட்டினாலும் ஏறத்தாழ 32,200 ரூபாய். வெளிநாட்டு ஊதியத்தில் இது இயலக்கூடியது. பணி அனுமதி கிடைக்காமல் திரும்பி வந்து, இந்தியாவில் தொடக்கநிலை ஊதியத்தில் இருப்பவருக்கு இது பெரும் சுமை. ஈடு வைத்த நிலத்தின் மீதான சுமையும்கூட.

எனவே ஓராண்டுப் படிப்பா, இரண்டாண்டுப் படிப்பா என்ற தேர்வைக் கட்டணத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. பணி அனுமதி வேண்டாம், பட்டம் மட்டும் போதும் என்பவருக்கு ஆஸ்திரேலியாவின் ஓராண்டுப் படிப்பும் நல்ல தேர்வே. கடனை அங்கேயே உழைத்து அடைக்க எண்ணுபவருக்கு, இரண்டாம் ஆண்டின் கட்டணத்தையும் சேர்த்த முழுச் செலவே உண்மையான செலவு.

யாரிடம் கேட்பது?

எல்லை ஊர்களின் மாணவர்கள் திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம், நாகர்கோவில் ஆகிய நகரங்களிலுள்ள ஆலோசனை நிறுவனங்களை நாடுகின்றனர். வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்கள் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற வேண்டும். அந்தச் சட்டம் வேலைக்கான ஆட்சேர்ப்பைப் பற்றியது. மாணவர் சேர்க்கை ஆலோசனையைப் பற்றியதன்று. பஞ்சாப் மாநிலம் இத்தகைய ஆலோசனை நிறுவனங்களுக்கும் உரிமம் கட்டாயமாக்கித் தனிச் சட்டம் இயற்றியுள்ளது.

கல்வி முகவர் வேறு, குடியேற்ற ஆலோசகர் வேறு. முன்னவர் கல்லூரியில் சேர்க்கை பெற்றுத் தருபவர். அதற்காகக் கல்லூரியிடமிருந்து தரகுத் தொகை பெறுபவராகவும் இருக்கலாம். விசா விதிகளை விளக்குவது பின்னவரின் பணி. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இவர்களுக்கெனப் பதிவு அமைப்புகள் உள்ளன. பெயரையும் பதிவு எண்ணையும் இணையத்தில் எவரும் சரிபார்க்கலாம்.

பணம் செலுத்தும் முன் சரிபார்க்க வேண்டியவை

* ஆஸ்திரேலியா எனில், படிப்பின் கிரைகோஸ் எண்ணைக் கேட்டுப் பெற்று, அரசின் பதிவேட்டில் எத்தனை வாரம் என்பதை நேரில் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள '2 ஆண்டு' என்ற சொல் போதாது.

* பாட விலக்கு அளிக்கப்பட்டுள்ளதா, அதைக் கழித்தபின் எஞ்சும் வாரம் எத்தனை என்பதைக் கல்வி நிறுவனத்திடம் எழுத்தில் பெற வேண்டும்.

* கனடா எனில், அனுமதி பெற்ற கல்வி நிறுவனங்களின் அரசுப் பட்டியலில், குறிப்பிட்ட நிறுவனம் பணி அனுமதிக்குத் தகுதியுடைய படிப்புகளை வழங்குகிறதா என்ற விவரம் உள்ளது. அந்த நிறுவனத்தின் எல்லாப் படிப்புகளும் தகுதி பெறும் என எண்ணக் கூடாது.

* பிரிட்டன் எனில், நிறுவனத்தின் பெயர் உள்துறையின் உரிமம் பெற்ற நிறுவனங்கள் பட்டியலில் இருக்க வேண்டும். படிப்பு முடியும் தேதி, விண்ணப்பத் தேதி 2027-க்கு முன்னா பின்னா என்பதைப் பார்க்க வேண்டும்.

* மருத்துவம் எனில், 54 மாதம், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழி ஆகிய மூன்றும் கல்லூரியின் எழுத்துப்பூர்வ உறுதியில் இடம்பெற வேண்டும்.

* சேர்க்கைக் கடிதம், சேர்க்கை உறுதிச் சான்று, பருவவாரி மதிப்பெண் பட்டியல், விடுப்பு அனுமதிக் கடிதம் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே பாதுகாக்க வேண்டும். படிப்புக் காலத்தை மெய்ப்பிக்கும் ஆவணங்கள் இவையே.

இவ்விதிகள் அடிக்கடி மாறுகின்றன. 2024-ஆம் ஆண்டில் மட்டும் ஆஸ்திரேலியாவும் கனடாவும் பலமுறை திருத்தம் செய்தன. எனவே ஓராண்டுக்கு முன் சென்ற உறவினருக்குப் பொருந்திய கணக்கு, இந்த ஆண்டு செல்பவருக்குப் பொருந்தாமல் போகலாம். அந்தந்த நாட்டுக் குடியேற்றத் துறையின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இவ்விவரங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. முன்பணம் கட்டும் முன் அதைப் பார்க்கச் சில மணி நேரமே ஆகும். படிப்பு முடிந்தபின் குறைந்த ஒரு வாரத்தை ஈடுசெய்ய, பெரும்பாலும் இன்னொரு படிப்பும் இன்னொரு கட்டணமும் தேவைப்படும்.